எந்த வீட்டில் வளர்கிறாள்

ஏப்ரல் 24, வெள்ளி

தரை தெரிந்துவிட்டது. காலையில் அலுவலகத்துக்குப் போகும்போது பார்த்தேன், பள்ளிக்கூடத்துத் தெற்குச் சுவரோரம் ஒரு பாய் அகலத்துக்கு மண். அரை வருஷம் பனிக்கடியில் கிடந்த மண். போகிறவர் வருகிறவர் எல்லாம் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தமக்குத்தாமே சிரித்துக்கொண்டு போனார்கள். நானும்தான்.

மாலையில் மகள் சிக்னே வந்தாள். ஒரு வாரம் என்னிடம், ஒரு வாரம் அவள் அம்மாவிடம். இது என் வாரம். வெள்ளிக்கிழமை என்பதால் டாக்கோ, ரொட்டியில் கறியும் காயும் வைத்து மடித்தது. ஊரில் எந்த வீட்டு ஜன்னலைத் திறந்தாலும் இன்றைக்கு அதே வாசனைதான் வரும். அவள் சோளத்தை மட்டும் பொறுக்கித் தின்றாள். எட்டு வயது. மேல்பல் ரெண்டும் புதுசு, முகத்துக்குப் பெரிசு.

சாப்பிட்டதும் போன வருஷத்து ஷூவை எடுத்துக் கொடுத்தேன். 30. பாதிக் கால்தான் உள்ளே போனது. அக்டோபரில் பனிபூட்ஸுக்குள் போன கால் இது. ஆறு மாசமாக நான் பார்க்கவே இல்லை. பார்த்தேன், குளித்துவிட்டு வரும்போது, சோபாவில் என் மடிமேல் நீட்டிக்கொண்டிருக்கும்போது. ஆனால் பார்க்கவில்லை. இன்றைக்கு வெளியே வந்தது வேறு யார் வீட்டுப் பிள்ளையுடைய காலோ என்று இருந்தது.

வழக்கம்போல அவள் போட்டுக்கொண்டு வந்ததையெல்லாம் கழற்றி, துவைக்கப் போட்டேன். ஷூவை மட்டும் நேரே நடையில் தொங்கும் நீலப் பைக்குள். அடுத்த வெள்ளி அதையே போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போவாள், சாயங்காலம் அவள் அம்மா உல்ரீகா அங்கிருந்து கூட்டிப்போவாள். அங்கே வாங்கியது அங்கே, இங்கே வாங்கியது இங்கே. விதி நான் போட்டது. பிரிந்த முதல் குளிர்காலத்தில் மூன்று ஜோடி கையுறையும் ஒரு மழைக்கால்சட்டையும் எந்த வீட்டில் தொலைந்தன என்று ஆளுக்கு ஆள் போனில் கத்திக்கொண்டோம். அதற்கப்புறம் விதி, விதிக்கப்புறம் சண்டை இல்லை. உல்ரீகா வாங்கும் சாமான்களை நான் ஆராய்வதில்லை. அடுத்தவர் கடிதம் மாதிரி, பார்க்காமல் மடித்து உள்ளே வைத்துவிடுவேன்.

உண்மையைச் சொன்னால் விதியில் எனக்கு இன்னொரு லாபமும் இருக்கிறது. அவள் இல்லாத வாரத்திலும் கால்மிதிமேல் அவள் ஷூ இருக்கும். வேலை முடிந்து கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

ஏப்ரல் 25, சனி

ஷூ கடை. நேற்று தரை தெரிந்தது, இன்று எங்கள் காலிக்ஸ் ஊர் முழுக்க அங்கே நிற்கிறது. எல்லார் வீட்டுக் கால்களும் ஒரே நாளில் வெளியே வந்துவிட்டன போல.

கால் அளக்கும் பலகை ஒன்றே ஒன்று. அதை இரட்டைப் பிள்ளைகள் வைத்திருந்த குடும்பம் பிடித்துக்கொண்டது, விடுகிற வழியாக இல்லை. கண்ணளவில் 31 கேட்டேன். ரெண்டுதான் இருந்தன. ஒன்று நடந்தால் மின்னும். இன்னொன்றின் முன்பக்கம் பூனை முகம், மீசையோடு. எட்டு வயசுக்காரி அந்தப் பூனையைப் பார்த்த பார்வையில் பூனையே எழுந்து போயிருக்கும். சாதாரண ஷூ 28 வரைக்கும் இருக்கிறதாம், அப்புறம் 35 முதல் இருக்கிறதாம். நடுவில் இருக்கிற பிள்ளைகள் என்ன பறந்தா போகின்றன?

சரி, கால்சட்டையாவது. நம் ஊரில் துணி அளவென்றால் பிள்ளையின் உயரம்தான், 128, அப்புறம் 134. எங்கள் கதவு நிலையில் போட்ட கோட்டின்படி சிக்னே 131 சென்டிமீட்டர். 128 போட்டால் கணுக்கால் குளிரில் நிற்கிறது. 134 இடுப்பில் நிற்காமல் நழுவி, கடைத் தரையைப் பெருக்கியது. 131 என்று யாரும் தைப்பதில்லை. 128-க்கும் 134-க்கும் நடுவே ஆறு சென்டிமீட்டர் காலி இடம், என் மகள் அங்கேதான் குடியிருக்கிறாள். அந்த இடத்துக்கு வழி சொல்ல அந்தக் கடையில் யாருக்கும் தெரியவில்லை.

உடுப்பு மாற்றும் அறைக்குள் ஒரே வேக்காடு. உள்ளே இன்னும் கம்பளி போட்டிருந்தாள். முகமெல்லாம் சிவந்து, "அப்பா, உடம்பெல்லாம் அரிக்குது, போலாம்" என்றாள். ஒன்றும் வாங்காமல் வந்தோம். காரில் உட்கார்ந்து ஆளுக்கொரு இலவங்கப்பட்டை பன். அது மட்டும் கச்சிதமாகப் பொருந்தியது.

ஏப்ரல் 26, ஞாயிறு

ரப்பர் பூட்ஸிலேயே சுற்றுகிறாள். சேற்றுக்கு அதுதான் தோது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மே 1, வெள்ளி

இன்று பள்ளி விடுமுறை. அதனால் உல்ரீகா வீட்டுக்கே வந்தாள் கூட்டிப்போக. மற்ற வெள்ளிகளில் நாங்கள் பார்த்துக்கொள்வதே கிடையாது. பள்ளிக்கூடம் நடுவில் இருக்கிறது, அதுவே வசதி.

சிக்னே காருக்கு ஓடியதும், உல்ரீகா மட்டும் நடையில் நின்றாள். ஷூவைக் கழற்றவில்லை, அதிகம் பேசப்போவதில்லை என்று அர்த்தம். ஆனால் பேசினாள். சத்தமே போடாமல், முன்கூட்டியே யோசித்து வைத்ததைப் பேசுகிற மாதிரி.

ஆகஸ்டிலிருந்து பள்ளி நாட்களில் சிக்னே தன்னிடமே இருக்கட்டும் என்றாள். எனக்குச் சனி, ஞாயிறு. இந்தக் குளிர்காலத்தில் என் வாரங்களில் நாலு தடவை ஏதாவது போதாமல் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறாளாம், அரைக்கால் தெரியும் கால்சட்டை, மணிக்கட்டுக்கு எட்டாத கோட்டு. குன்வோர் அம்மா தன் அலமாரியிலிருந்து இரவல் கொடுத்தாராம். (பள்ளி முடிந்தபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்.)

"இது கால்சட்டை விஷயம் இல்ல இவார். நீ கனவுல இருக்க. அவ வளர்றது உன் கண்ணுல படவே மாட்டேங்குது."

நான் கதவுப் பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அதைப் புதுசாக மாட்டினவன் மாதிரி.

ஜூனில் வரும் நடுக்கோடை விழாவுக்குள் பதில் சொல் என்றாள். நான் மாட்டேன் என்றால் நகராட்சியின் குடும்ப நல அதிகாரி முன்னால் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும் என்றாள். மிரட்டவில்லை. வருத்தமாகத்தான் சொன்னாள், அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

மே 3, ஞாயிறு

காலி வாரம்.

ஆற்றில் பனிக்கட்டி சாம்பல் நிறமாகிவிட்டது. கரையோரம் நடந்தேன். உல்ரீகா சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன், கண்ணில் படவில்லை, கண்ணில் படவில்லை என்று. எப்படிப் படும்? அவள் வளர்வதெல்லாம் அங்கேதான். இங்கிருந்து ஒரு பிள்ளை போகிறது, ஏழு நாள் கழித்து வேறொரு பிள்ளை வருகிறது. அந்த வீட்டுச் சமையலறையில் மேசைக்குக் கீழே கால்கள் மெதுவாக நீளுகின்றன, சத்தமில்லாமல், உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருக்கிற நேரத்தில். என்னிடம் வரும்போது நின்றுவிடுகிறது. என் வீடு அவள் வளராத வீடு.

பைத்தியக்காரத்தனம், தெரியும். ஆனால் மத்தியானம் பூரா அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மே 6, புதன்

பகல் முழுக்க ஆற்று நீர்மட்டம் அளக்கிற வேலை. பனிக்கட்டி விரிசல் விட ஆரம்பித்தால் எங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் கை பரபரக்கும். பனி உடையப்போகும் நாளைக்கூட யூகித்துச் சீட்டெழுதி டப்பாவில் போட்டிருக்கிறோம். நான் பத்தாம் தேதி என்று எழுதினேன்.

சீக்கிரம் கிளம்பி லூலியோ நகரத்துக்கு ஒரு மணி நேரம் கார் ஓட்டினேன். போகுமுன் ஒரு காரியம் செய்தேன், பெருமையாக எழுதுகிறேன்: கால்மிதிமேல் இருந்த பழைய ஷூவின் உள்தகட்டை உருவி, அலுவலகக் கட்டம் போட்ட தாளில் சுற்றி வரைந்து வெட்டினேன். 30 கடிக்கிறது என்றால் 31. ஒரு குளிர்காலத்துக்கு ஓர் எண், அதுதானே கணக்கு.

கடைப்பெண் தாளையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். பிள்ளையைக் கூட்டி வந்திருக்கலாமே என்றாள். அவள் அம்மாவிடம் இருக்கிறாள் என்றேன். அந்தப் பெண் "ஓ" என்றாள், அதற்கு மேல் கேட்கவில்லை. இந்த நாட்டில் அந்த "ஓ" எல்லாருக்கும் பழக்கம்.

நீல ஷூ, பக்கவாட்டில் ஒரு மஞ்சள் கோடு. பூனை இல்லை, மின்னல் இல்லை. வரும் வழியெல்லாம் பக்கத்து இருக்கையில் அதை வைத்துக்கொண்டு வந்தேன். ஒரு தடவை கையை நீட்டி டப்பாமேல் வைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

மே 8, வெள்ளி

பொருந்திவிட்டது!

நடையில் மண்டியிட்டு உட்கார்ந்து நானே போட்டுவிட்டேன். கட்டைவிரலால் முன்பக்கம் அமுக்கிப் பார்த்தேன், இடம் இருந்தது. "சரியா இருக்கா குட்டி?" என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரியா இருக்கு" என்றாள்.

போட்டோ எடுத்து உல்ரீகாவுக்கு அனுப்பினேன். கீழே ஒன்றும் எழுதவில்லை. எழுதாமலே நிறைய எழுதினேன் என்று வைத்துக்கொள்ளலாம். அவள் ஒரு கட்டைவிரல் படம் அனுப்பினாள்.

நான் பெரிய ஆள்தான்.

மே 10, ஞாயிறு

காலை பதினொன்றரைக்குப் பனி உடைந்தது. சீட்டு ஜெயித்தேன், பரிசு ஒரு டப்பி மீன்முட்டை. ஊரே பாலத்தில் நின்றது. வீடு அகலத்துக்குப் பாளங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, திரும்பி, முனகிக்கொண்டே கடலுக்குப் போயின.

சிக்னே கரையில் ஒரு கல்மேல் உட்கார்ந்து ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு, வெறும் பாதத்தைக் கல்மேல் வைத்திருந்தாள். கல் எப்படிச் சில்லிட்டிருக்கும். கேட்டதற்கு, நல்லா இருக்கு என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள். வசந்தம் வந்தால் பிள்ளைகளுக்கு இப்படித்தான் என்று நினைத்தேன். நானும் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாலு பாதம், ரெண்டு பெரிசு, ரெண்டு சின்னது, எதிரே ஆறு போய்க்கொண்டே இருந்தது. இதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

மே 13, புதன்

பள்ளிக்கூடத்திலிருந்து வர இருபது நிமிஷம் ஆகிறது, பத்து நிமிஷ வழி. முன்னால் ஓடுகிறவள் இப்போது பின்னால் வருகிறாள். ஏன் இப்படி மெதுவாக என்றேன். "பூ பாக்கறேன்" என்றாள். சாக்கடையோரம் மஞ்சளாக நாலே நாலு பூ.

என்னைப் போலவே ஆகிக்கொண்டு வருகிறாள். உல்ரீகா கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள். எனக்கு உள்ளூர சந்தோஷம். அவளோடு சேர்ந்து நானும் மெதுவாக நடந்தேன், எங்களுக்கு மட்டும் கடிகாரம் வேறு மாதிரி ஓடுவதுபோல இருந்தது.

மே 15, வெள்ளி

போனாள். நீல ஷூ கால்மிதியில்.

மே 19, செவ்வாய்

உல்ரீகாவிடமிருந்து செய்தி. ஜூன் 12 பள்ளி ஆண்டு முடிவு, தேவாலயத்தில் பாட்டு, வெள்ளை கவுன் வேண்டும், தான் வாங்கிவிடட்டுமா என்று. அது என் வாரம், நானே வாங்குகிறேன் என்றேன். "சரியான அளவா?" என்று கேட்டிருந்தாள். பதில் போடவில்லை. 128-உம் 134-உம் ரெண்டுமே வரவழைத்தேன், எது பொருந்தவில்லையோ அது திரும்பிப் போகட்டும்.

மே 23, சனி

ரெண்டும் பொருந்தவில்லை. 128-இல் கையைத் தூக்க முடியவில்லை. 134-இல் தோள் நழுவி முழங்கைக்கு வருகிறது. கண்ணாடி முன்னால் நின்று சிரித்து, அதிலேயே நடனம் ஆடினாள், வெறுங்காலோடு. அப்புறம் வெளியே விளையாடப் போகச் சொன்னால் மாட்டேன் என்றாள். வெயில் அப்படி அடிக்கிறது, வீட்டுக்குள்ளேயே படம் வரைந்துகொண்டிருந்தாள். ஒன்றும் கேட்காமல் நானும் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தேன்.

மே 27, புதன்

எழுத முடியல. எழுதணும்.

மூணு மணிக்கு குன்வோர் அம்மா போன். குரலைத் தணித்துப் பேசினார். சிக்னேவின் குதிகாலில் தோல் உரிந்திருக்கிறது, ரெண்டு காலிலும். சுண்டுவிரல் நகம் கருத்துப்போயிருக்கிறது. ரெண்டு வாரம் முந்தியே ஒரு தரம் பிளாஸ்டர் கேட்டு வாங்கினாளாம், இந்த வாரம் தினமும். "உங்ககிட்ட சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டா. நானும் ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். இனிமே முடியலங்க" என்றார்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் தெரியாது. அவளைத் தூக்கிக்கொண்டுதான் வந்தேன், அவ்வளவு தூரமும், எட்டு வயசுப் பிள்ளையை. சமையலறை மேசைமேல் உட்காரவைத்து சாக்ஸை உருவினேன். ஒட்டிக்கொண்டு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது எனக்கு.

கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தேனே, இடம் இருந்ததே என்றேன்.

"வெரல மடக்கிக்கிட்டேன்" என்றாள்.

ஏன்? ஏன்டா குட்டி?

"நீ கீழ உக்காந்துருந்த. உன் மூஞ்சி அப்படி இருந்துச்சு." சாக்ஸைப் பார்த்துக்கொண்டே, "நீ அவ்வளவு தூரம் போய் வாங்கிட்டு வந்த."

பூ பார்க்கவில்லை அவள். கல்மேல் வசந்தத்தை அனுபவிக்கவில்லை. காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, இதைவிட என்ன வேண்டும் என்று எழுதியிருக்கிறேன், இதே நோட்டில், நாலு பக்கம் முன்னால். ஆற்றை மில்லிமீட்டரில் அளந்து தினமும் கையெழுத்துப் போடுகிறவன் நான். காலியான ஷூவை அளந்தேன். காலை அளக்கவில்லை.

அம்மா வீட்டு ஷூ எப்படி என்று கேட்டேன். யோசித்தாள். "அங்க ஆடுது. முன்னாடி பேப்பர் வெச்சிருக்கு. ஓடினா கழண்டுடும், அதான் அங்கயும் ஓடறதில்ல." அப்புறம், "அம்மாகிட்ட சொல்லாத. அவளும் தேடித் தேடி வாங்கினா."

அப்போ எது சரியா இருக்கு உனக்கு?

"வீட்டுக்குள்ள. ரெண்டு வீட்டுலயும் வீட்டுக்குள்ள சரியா இருக்கு."

வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டுத்தானே எல்லா வீட்டுக்குள்ளும் போகிறோம். அதைத்தான் சொன்னாள்.

அவள் டிவி பார்க்கும்போது நீலப் பையைத் திறந்தேன். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக உல்ரீகா வாங்கிய ஷூவைத் திருப்பிப் பார்த்தேன். 33. முன்னால் செய்தித்தாள் உருண்டை, விரல் பதிந்த குழியோடு.

மே 28, வியாழன்

நேற்று அந்த 33-ஐப் பார்த்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை எழுதிவிடுகிறேன், ஒளிக்க வேண்டாம். சந்தோஷம் தோன்றியது. மாட்டினாயா! எனக்குக் கண் இல்லை என்றாயே, உன் கண் எங்கே போச்சு? நகராட்சி மேசைமேல் அந்த ஷூவை வைப்பதுபோல, பேப்பர் உருண்டையை நானே வெளியே எடுப்பதுபோல, எல்லாம் பார்த்தேன். ஒரு அரை மணி நேரம் ரொம்ப நன்றாக இருந்தது.

அப்புறம் சிக்னே நொண்டிக்கொண்டே தண்ணீர் குடிக்க வந்தாள்.

என் விஷயத்தைச் சொன்னால் உல்ரீகாவுக்கு வேறு சாட்சியே வேண்டாம். ஆகஸ்டில் சனி, ஞாயிறுதான் மிச்சம். சொல்லாமல் விட்டால் — குதிகால் ஆறிவிடும், வேறு ஷூ வாங்கிவிடலாம், குன்வோர் அம்மாவிடம் கேட்டுக்கொள்ளலாம். யாருக்கும் தெரியாது. சிக்னேவுக்கு மட்டும் தெரியும். இந்த வீட்டில் இருந்து ஒரு ரகசியம், அந்த வீட்டில் இருந்து ஒரு ரகசியம். வெள்ளிதோறும் நீலப் பையில் துணியை நான் மடித்து வைக்கிறேன், மிச்சத்தை அவள் சுமக்கிறாள்.

முடியாது. அது மட்டும் முடியாது.

மே 29, வெள்ளி

பள்ளி வாசலில் காத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் உல்ரீகாவின் முகம் வெளுத்தது. யாருக்கு என்ன ஆயிற்று என்றாள். நாங்கள் அங்கே சந்தித்துக்கொள்வதில்லை, அதனால் அப்படி.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். "31 வாங்கிட்டேன். ஷூவ அளந்தேன், கால அளக்கல. ரெண்டு வாரம் என்கிட்ட இருந்தப்பவும் கடிச்சிருக்கு, எனக்குத் தெரியல. தோல் உரிஞ்சுபோச்சு. நீ அன்னிக்குச் சொன்னது சரிதான்."

33-ஐப் பற்றிச் சொல்லவில்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நிறுத்திக்கொண்டேன்.

உல்ரீகா வேலிக் கட்டைமேல் உட்கார்ந்தாள். தெருவில் குளிர்காலத்தில் வழுக்காதிருக்கக் கொட்டின பொடிக்கல்லை இன்னும் வாரவில்லை, அதைக் காலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவளோ, தான் 33 வாங்கியதாகச் சொன்னாள். பேப்பர் திணித்ததையும் அவளே சொன்னாள்.

ஏன் அவ்வளவு பெரிசு என்றேன்.

"ஒவ்வொரு தடவ உன் வீட்டுல இருந்து வர்றப்பவும் வளந்து வர்றா. நான் பாக்கறதுக்குள்ள வளந்துடறா இவார். அதான் முன்கூட்டியே வாங்கி வெச்சேன்."

அவள் வளர்வதெல்லாம் அங்கேதான் என்று மே 3-ஆம் தேதி நான் எழுதியதை உல்ரீகாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆனால் நானும் அந்தக் கட்டையில் உட்கார்ந்தேன், பிள்ளைகள் வெளியே வரும் வரைக்கும். ரெண்டு பேரையும் ஒரே கட்டையில் பார்த்த சிக்னே அப்படியே நின்றுவிட்டாள். நாங்கள் ஏதோ பெரிய தப்பில் பிடிபட்டவர்கள் மாதிரி சேர்ந்தே எழுந்தோம்.

நாளைக்குக் கடைக்குப் போகலாம் என்று உல்ரீகாதான் சொன்னாள். மூணு பேரும்.

மே 30, சனி

அளக்கும் பலகை இன்றைக்குச் சும்மா கிடந்தது. சிக்னே வெறும் சாக்ஸோடு ஏறி நின்றாள், நாங்கள் ரெண்டு பேரும் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் குனிந்தோம். தலை முட்டிக்கொண்டது. 32. இடது கால் ஒரு பொட்டு நீளம். இது உல்ரீகாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

குதிகாலில் மெத்தென்று இருக்கும் ஷூ, காயம் ஆறும் வரைக்கும் தாங்கும். பச்சை நிறம், அவளே எடுத்தது. கடையின் இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்கு ஓடிப் பார்த்தாள். நொண்டிக்கொண்டே ஓடினாள், ஆனால் ஓடினாள்.

கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். இந்த மாதிரி குடும்பங்கள் அவருக்குப் புதுசில்லை. ரெண்டு ஜோடியா என்று கேட்டார். நான் உல்ரீகாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். விதி என்னுடையது, உடைப்பதானால் நான்தான் உடைக்க வேண்டும். காலி வாரத்துக் கால்மிதி கண்ணுக்குள் வந்தது.

சிக்னே கீழே இருந்து சொன்னாள். "எனக்கு ரெண்டு கால்தான் இருக்கு."

ஒரு ஜோடி என்றேன் கடைக்காரரிடம். எங்கே கால் போகிறதோ ஷூவும் அங்கே போகட்டும்.

பச்சை ஷூ உல்ரீகாவோடு காரில் போய்விட்டது. வீட்டுக்கு வந்து மஞ்சள் கோடு போட்டதைக் கால்மிதியில் இருந்து எடுத்தேன். மாடி வீட்டுச் சின்னப் பையனுக்குக் கொடுத்தேன், அவனுக்குக் கனகச்சிதம். நடையில் அந்த இடம் இப்போது ரொம்பப் பெரிசாக இருக்கிறது.

ஜூன் 12, வெள்ளி

தேவாலயத்தில் ஒரே வெள்ளை, எங்கு பார்த்தாலும் பிள்ளைகள். 134 கவுனைத் தோளில் ரெண்டு மடிப்பு வைத்து ஊசி குத்தியிருந்தேன். உல்ரீகா வாசலில் அதைப் பார்த்தாள், ஒரு ஊசியை மட்டும் எடுத்து வேறு இடத்தில் குத்தினாள். அதற்கப்புறம் சரியாக நின்றது. கீழே பச்சை ஷூ. எல்லாரும் வெள்ளை ஷூ போட்டிருந்தார்கள், இவள் மட்டும் பச்சை.

பாட்டு முடிந்ததும் படிகளில் தடதடவென்று ஓடி இறங்கினாள். முதல் ஆளாக.

நடுக்கோடை விழாவுக்கு ஒரு வாரம் இருக்கிறது. என் பதில் தயார். என் வாரங்கள் எனக்கு வேண்டும் என்று சொல்லப்போகிறேன், கெஞ்சாமல், சண்டையும் போடாமல். அவள் என்ன சொல்வாளோ தெரியாது.

ஆகஸ்ட் 21, வெள்ளி

பள்ளி திறந்து முதல் வாரம், என் வாரம், இன்றோடு முடிந்தது; உல்ரீகா சரி என்றுவிட்டாள், வாரங்கள் பழையபடியே. நேற்று சாயங்காலம் கட்டம் போட்ட தாளைச் சமையலறைத் தரையில் விரித்து, சிக்னேவை அதன்மேல் நிற்கவைத்து வரைந்தேன், ரெண்டு காலையும். பென்சில் கூச்சத்தில் நெளிந்தாள். விரலை மடக்கவில்லை, பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். பச்சை ஷூவில் இனி இடம் இல்லை.

பரணில் இருந்து 33-ஐ எடுத்தோம். உல்ரீகா ஜூலையில் கொண்டுவந்து வைத்தது. சிக்னே முன்னால் இருந்த பேப்பர் உருண்டையை உருவி என் கையில் வைத்தாள், போட்டாள், நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடினாள். ஆடவில்லை, கடிக்கவில்லை. நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் கேட்டேன், சரியா இருக்கா என்று. நல்லாவே சரியா இருக்கு, இங்க திரும்பு என்றாள்.

உல்ரீகாவுக்கு எழுதினேன், 33 இப்போது சரி, பேப்பர் எடுத்தாயிற்று என்று. எந்த வீட்டில் வளர்ந்தாளாம், கேட்டுச் சொல் என்று பதில் வந்தது. கேட்டேன். சிக்னே ரொட்டியை மென்றுகொண்டே, "பள்ளிக்கூடத்துல" என்றாள்.

காலையில் அதைப் போட்டுக்கொண்டே போனாள். நீலப் பை நடையில் இல்லை, அதற்கு இப்போது வேலை இல்லை. கால்மிதிமேல் ஒன்றும் இல்லை, அவள் ஷூவில் இருந்து உதிர்ந்த கொஞ்சம் பொடிக்கல் தவிர. பெருக்கலாம் என்று துடைப்பத்தை எடுத்தேன், வேண்டாமென்று திரும்ப வைத்துவிட்டேன்.

அடுத்த வெள்ளி வருவாள். ஏழு நாள்.